வருது வருதுன்னு ஒரு ஸ்பேனர் கம்பெனி

அமெரிக்க ஸ்பேனர் கம்பெனி ஒன்று மறுபடி அமெரிக்காவிலேயே ஸ்பேனர் அடிக்க ஆரம்பிக்குமா என்று வேலூரில் உட்கார்ந்துகொண்டு நாலைந்து வருஷம் காத்திருந்த ஆள் நான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நான் அமெரிக்கா போனதில்லை, அந்தக் கம்பெனியில் எனக்குப் பங்கும் கிடையாது. அங்கே அடித்தால் இங்கே எனக்கு விலை குறையப் போவதும் இல்லை. ஆனாலும் ராணிப்பேட்டை சிப்காட்டில் டை (அடிக்கிற இரும்புக்கு உருவம் கொடுக்கும் அச்சு) ஃபினிஷிங் வேலை பார்க்கிறவன், இரும்பை அடித்து உருவம் கொண்டுவருவதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால், அந்தச் செய்தியை விட முடியவில்லை.

கம்பெனியின் பெயர் கிராஃப்ட்ஸ்மேன். அது எங்கள் வீட்டுக்குள் வந்தது சித்தப்பா வழியாக. எண்பதுகளில் சவூதிக்கு மெக்கானிக்காகப் போனவர், குவைத் போர் சமயத்தில் திரும்பி வந்தார். ஊருக்குக் கிளம்பும்போது, அங்கே இவருக்கு மேலே இருந்த அமெரிக்கர் ஒருவர் தன் பெட்டியிலிருந்து ஒரு ராட்செட்டும் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருகும் கைப்பிடி) கொஞ்சம் சாக்கெட்டும் (அதன் முனையில் மாட்டி நட்டைக் கவ்வும் குழல்) எடுத்துக் கொடுத்தாராம். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் போர்வையும் கொண்டுவந்த காலத்தில், இவர் துணியில் சுற்றிய இரும்பைக் கொண்டுவந்ததற்குச் சித்தி இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

கொணவட்டத்தில் சித்தப்பா லாரி ஷெட் போட்ட பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அமெரிக்க சாக்கெட் எல்லாம் இஞ்ச் அளவு. நம் லாரி நட்டு எல்லாம் மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 12 நட்டில் போட்டால் ஆடும், 13-க்கு நுழையாது. 9/16 இஞ்ச், 14-இல் ஏறும், ஆனால் இறுகிய நட்டாக இருந்தால் முனையை மொழுக்கிவிடும். உருப்படியாக உட்கார்ந்தது முக்கால் இஞ்ச்தான். 19.05 மில்லிமீட்டர், 19 நட்டுக்குக் கச்சிதம். லாரியில் 19-க்கு வேலை நிறைய. மற்ற சாக்கெட் எல்லாம் ஆணி டப்பாவுக்குப் போனது. ராட்செட் மட்டும் எதற்கும் பொருந்தியது, ஏனென்றால் சாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் சதுர ஓட்டை உலகம் முழுக்க இன்னும் இஞ்ச் கணக்குதான். கால், முக்கால், அரை, 3/8. மில்லிமீட்டர் சாக்கெட்டை ஜப்பான்காரன் செய்தாலும் நாசிக்கில் செய்தாலும் பின்பக்கம் அரை இஞ்ச்தான். அதனால் அமெரிக்க ராட்செட்டில் இந்திய சாக்கெட்டை மாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்.

அந்த ராட்செட்டின் கைப்பிடியில் கம்பெனிப் பெயர், கீழே ‘ஃபோர்ஜ்டு இன் யு.எஸ்.ஏ.’, ஓரமாகச் சின்னதாக ‘வி’ என்று ஓர் எழுத்து. அந்த ‘வி’ என்ன என்று தேடப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயர் சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடைக்குச் சொந்தமாக இருந்தது. 1927-இல் அந்தப் பெயரை 500 டாலர் கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். சியர்ஸ் எந்தக் காலத்திலும் தானே ஒரு ஸ்பேனரை அடித்ததில்லை. வேறு வேறு ஃபோர்ஜிங் (இரும்பைக் காய்ச்சி அடிக்கும்) கம்பெனிகளிடம் சொல்லிச் செய்து வாங்கி, தன் பெயரைப் பொறித்து விற்றது. எந்த ஆலையில் அடித்தது என்று காட்டத்தான் அந்தச் சின்ன எழுத்து. ‘வி’ வரிசை என்றால் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங் வழி வந்தது. ‘டபிள்யூ எஃப்’ என்றால் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வெஸ்டர்ன் ஃபோர்ஜ். கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்க்ரூ ஸ்பேனர் எல்லாம் பெரும்பாலும் இங்கே செய்தவை. கடைக்காரன் பெயர் பெரிதாக இருக்கும், அடித்தவன் பெயர் ஓர் எழுத்தாக இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சியர்ஸ் கொடுத்த உத்தரவாதம்தான் அந்தப் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கருவி உடைந்தால் எடுத்துக்கொண்டு போ, பில் வேண்டாம், கேள்வி இல்லை, புதுசு வாங்கிக்கொண்டு வா. ஆயுள் முழுக்க. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. “பில் இல்லாம எவன்டா மாத்திக் குடுப்பான்? நம்ம ஊர்ல பில் இருந்தாலே, ‘நீ இன்னா பண்ண அதை?’ன்னு நம்மையே கேப்பான்” என்றார்.

அதே சியர்ஸின் இன்னொரு முகமும் அந்த ராட்செட்டிலேயே இருக்கிறது. சாக்கெட்டை ஒரு கையாலேயே விடுவிக்கத் தலையில் ஒரு பட்டன் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும். கிரீஸ் பிசுக்கு விரலோடு சாக்கெட்டை இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். 1960-களில் அதைக் கண்டுபிடித்தது சியர்ஸ் கடையிலேயே வேலை பார்த்த 18 வயதுப் பையன். ‘இதெல்லாம் பெரிதாக விற்காது’ என்கிற தோரணையில் பேசி, மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போகாதபடி ஒப்பந்தம் போட்டு உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அது லட்சக்கணக்கில் விற்றது. விஷயம் தெரிந்து அவர் வழக்குப் போட, இருபது வருஷம் இழுத்து 1989-இல்தான் பேசி முடித்தார்கள். வாடிக்கையாளனுக்குக் கேள்வி கேட்காமல் ஸ்பேனர் மாற்றிக் கொடுத்த கடைதான், தன் கடைப் பையனிடம் இப்படி நடந்துகொண்டது.

சித்தப்பாவின் ராட்செட் ஒருமுறை பழுதானது. இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. சியர்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போக வேலூரிலிருந்து பஸ் இல்லை. பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை எல்லாம் டீசலில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சுற்றிப் பல் வெட்டிய ஒரு சக்கரம், அந்தப் பல்லில் போய் உட்காரும் ஒரு நாக்கு, நாக்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங், அவ்வளவுதான். பல்லும் நாக்கும் அப்படியே கூர்மையாக இருந்தன. ஸ்பிரிங் மட்டும் தளர்ந்துவிட்டது. பழைய கார்புரேட்டர் ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, இரண்டு சுற்று குறைத்து வெட்டி, முனையைத் தேய்த்துப் போட்டார். மறுபடி கிர்ர்ர் என்று அந்தச் சத்தம் வந்தது. பல்லை விரலால் தடவிக் காட்டி, “டெம்பர் பார்த்தியா? இத்தனை வருஷம் லாரிய அவுத்திருக்கு, ஒரு பல்லு மழுங்கல” என்றார். எனக்கு ஹீட் ட்ரீட்மென்ட் (இரும்பைக் காய்ச்சி ஆற்றி உறுதி ஏற்றுவது) பற்றிப் பாடம் நடத்தியவர்கள் பலர். அந்த ஒரு பல்லைத் தொட்டபோது புரிந்தது பிறகு எந்தப் புத்தகத்திலும் புரியவில்லை.

அதற்குப் பிறகான கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சியர்ஸ் நொடித்தது. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் ஸ்பேனர், சாக்கெட் வேலைகள் ஒவ்வொன்றாகச் சீனாவுக்கும் தைவானுக்கும் போயின. கைப்பிடியில் இருந்த ‘யு.எஸ்.ஏ.’ காணாமல் போனது. தைவான் சரக்கு மட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தைவானில் அடிக்கும் நல்ல ராட்செட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அமெரிக்கர்களுக்கு வருத்தம் தரத்தைப் பற்றி மட்டும் இல்லை. அப்பா வாங்கிய ஸ்பேனர் பக்கத்து ஊரில் அடித்தது, மகன் வாங்குவது அப்படி இல்லை.

2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற அமெரிக்கக் கருவிக் கம்பெனி அந்தப் பெயரை சியர்ஸிடமிருந்து வாங்கியது. தவணை, ராயல்டி எல்லாம் சேர்த்துச் சுமார் 90 கோடி டாலர். 500 டாலர் பெயர் 90 கோடிக்குப் போனது. அடுத்த வருஷமே சியர்ஸ் திவால் மனு போட்டது. வாங்கிய நாளிலிருந்து ஸ்டான்லி சொன்னது, ‘கிராஃப்ட்ஸ்மேனை அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவருவோம்’. டூல் பாக்ஸ் விஷயத்தில் அதைச் செய்யவும் செய்தார்கள், மிசௌரி மாநிலத்தில் தகரப் பெட்டிகள் தயாராகின்றன. ஆனால் தகரத்தை மடிப்பது வேறு, ஸ்பேனர் அடிப்பது வேறு.

2019 மே மாதம் அறிவிப்பு வந்தது. டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் 9 கோடி டாலர் செலவில், 4,25,000 சதுர அடியில் புது ஆலை. சுமார் 500 பேருக்கு வேலை. சாக்கெட், ராட்செட், ஸ்பேனர் எல்லாம் அங்கேயே. ரோபோவும் புதுவகை வேக பிரஸ்ஸும் வைத்து, சீனாவில் செய்கிற செலவிலேயே அமெரிக்காவில் செய்துகாட்டுவோம் என்றார்கள். 2020 கடைசியில் திறப்பு. அதே 2019-இல்தான் எங்கள் மாவட்டத்தையும் மூன்றாகப் பிரித்தார்கள். நான் வேலூர் மாவட்டத்தில் தூங்கி எழுந்து ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு வேலைக்குப் போகிறவன் ஆனேன். இந்த இரண்டு அறிவிப்பில் எது முதலில் நடக்கும் என்று ஷெட்டில் பந்தயம் கட்டாத குறை. மாவட்டம் ஜெயித்தது.

2020 போனது, கொரோனா. 2021-இல் ஆலை இன்னும் தயாராகவில்லை. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது தவறாமல் கேட்பார், “இன்னாடா, வந்துச்சா உன் கம்பெனி?” இல்லை என்பேன். அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “நம்மூரு சாமியே நானூறு வருஷம் கழிச்சுதான் கோட்டைக்குள்ள வந்துச்சு. உன் ஸ்பேனருக்கு இன்னா அவசரம்?”

வெளியூர்க்காரர்களுக்காக: வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவில் மூலவர் இல்லாமலே பல நூற்றாண்டு கிடந்தது. ‘சாமி இல்லாத கோவில்’ என்று ஊரையே கிண்டல் செய்வார்கள். 1981-இல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். அன்று சித்தப்பா இளவட்டம். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே கோட்டைக்குப் போனதாகச் சொல்வார்.

அவர் கிண்டலுக்குச் சொன்னாலும் நான் அதை யோசித்துப் பார்த்தேன். கோட்டையில் கல்லும் தூணும் கல்யாண மண்டபமும் அப்படியே நின்றன. பூசை செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். சாமி கும்பிட ஜனமும் இருந்தது. அதனால் லிங்கம் உள்ளே போன அன்றே கோவில் கோவிலாகிவிட்டது. ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெயரைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று, கட்டடமும் எழும்பியது. பூசை தெரிந்தவர்களை என்ன செய்தார்கள்?

2020-இல் கொலராடோவில் வெஸ்டர்ன் ஃபோர்ஜ் மூடப்பட்டது. ‘டபிள்யூ எஃப்’ எழுத்துக்காரர்கள். 1960-களிலிருந்து பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் அடித்துக்கொண்டிருந்த இடம். அது ஸ்டான்லியின் ஆலை இல்லை, வேறு ஒருவருடையது, அதனால் மூடியதற்கு ஸ்டான்லி பொறுப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கிராஃப்ட்ஸ்மேன் எப்போது திரும்பி வரும் என்று எல்லோரும் டெக்சஸைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கிராஃப்ட்ஸ்மேனை நிஜமாகவே அடித்த கைகள் கொலராடோவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் செய்தி எனக்கு ஒரு மூலையில் கிடைத்தது. டெக்சஸ் செய்தியோ எங்கே பார்த்தாலும் இருந்தது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஃபோர்ஜிங் வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பேனருக்கு குரோம் வனேடியம் கம்பியை உலையில் 1,150, 1,200 டிகிரிக்குக் காய்ச்சி, டையில் வைத்து அடிப்பார்கள். ஓரமாகப் பிதுங்கும் தகட்டை வெட்டி எறிந்து, வாயைச் சரியான அளவுக்கு அறுத்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி, அப்புறம் குறைந்த சூட்டில் டெம்பர் பண்ணி, மேலே நிக்கல், குரோம். எழுதும்போது ஐந்து வரி. பட்டறையில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் தொல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஒரு பெரியவர் ஹேமரில், அதாவது இரும்பை அடிக்கும் இயந்திரத்தில், நிற்பார். உலையில் டெம்பரேச்சர் காட்டும் மீட்டர் உண்டு, அவர் அதைப் பார்க்கவே மாட்டார். கம்பி வெளியே வரும்போது நிறத்தைப் பார்ப்பார். “செவப்புல அடிச்சா டை ஒடஞ்சுடும். மஞ்சளுக்கு வரணும். வெள்ளைக்குப் போச்சுன்னா இரும்பு எரிஞ்சுபோச்சு, தூக்கிப் போடு.” சூடு குறைந்தால் இரும்பு டையின் மூலைவரை ஓடாது, முனை வட்டமாக நின்றுவிடும். அடித்த துண்டைப் பார்த்தே டையில் எந்த மூலையில் விரிசல் விழப்போகிறது என்று எனக்கு வந்து சொல்வார். நான் போய்ப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் அதே மூலையில் விரிசல் இருக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு எங்கள் பட்டறையில் டைச் செலவு ஏறியது. மெஷின் அதேதான், உலையும் அதேதான்.

ஃபோர்ட் வொர்த்தில் நினைத்ததுபோல் இயந்திரம் ஓடவில்லை. அமெரிக்காவில் அடித்த செட்டுகள் கொஞ்சம் கடைக்கு வந்தன, வந்த வேகத்தில் காணாமல் போயின. அதை வாங்கினவர்கள் படம் போட்டார்கள், நானும் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். 2023 மார்ச்சில் ஆலையை மூடுவதாக ஸ்டான்லி அறிவித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் நானே சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “தெரியும்டா” என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுவது அவர் பழக்கம்.

என் கணிப்பு இதுதான். அவர்கள் ஆள் தேவைப்படாத ஸ்பேனர் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். சம்பளத்தில் சீனாவோடு போட்டி போட முடியாது, அதனால் ஆளைக் குறைக்கும் வேகமான புது முறை. புது முறை, புது இயந்திரம், புது ஆட்கள், புது இடம், எல்லாம் ஒரே நேரத்தில், நடுவில் கொரோனா வேறு. இதில் ஒன்று புதிதாக இருந்தாலே எங்கள் பட்டறையில் முதல் மூணு மாசம் குப்பைதான் விழும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்டான்லிக்கு புரோட்டோ என்று இன்னொரு பிராண்டு உண்டு. தொழிற்சாலைகளுக்கும் விமானப் பராமரிப்புக்கும் போகிற கருவி. அதை டல்லாஸில் அடிக்கிறார்கள். டல்லாஸும் ஃபோர்ட் வொர்த்தும் வேலூரும் வாலாஜாவும் மாதிரி பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆக, அமெரிக்காவில் ஸ்பேனர் அடிக்கத் தெரியாமல் இல்லை. அதன் விலையை வீட்டில் கார் கழற்றுகிற ஆள் கொடுக்க மாட்டான் என்பதுதான் விஷயம். காத்திருந்த எல்லோரும் பழைய விலையில் பழைய பொருள் வரும் என்று காத்திருந்தார்கள். நான் உட்பட.

நம் பக்கம் திரும்பினால், இந்த அழுகை நமக்கு அவ்வளவு பொருந்தாது. கொணவட்டத்தில் எந்த ஷெட்டுக்குப் போனாலும் பெட்டியில் இருப்பது நாசிக் டபாரியா, இல்லையென்றால் ஜலந்தர், லூதியானா சரக்கு. டபாரியாவே சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியதுதான். ஸ்க்ரூ ஸ்பேனருக்கு இன்றைய வடிவம் கொடுத்து 1892-இல் காப்புரிமை வாங்கினது அந்தச் சுவீடன்காரர்கள். பஞ்சாபில் அடிக்கிற ஸ்பேனர்கள் வேறு வேறு பெயர் பொறித்துக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. அதாவது அமெரிக்கனுக்கு எது போய்விட்டதோ அதில் ஒரு துண்டு நம்மிடம் இருக்கிறது. பெரிய துண்டு இல்லை. உலகக் கைக்கருவி வணிகத்தில் நம் பங்கு 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நமக்குத் தொல்லை டூப்ளிகேட்தான். பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே நிறப் பெட்டியில் வரும். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கிய ரிங் ஸ்பேனர், முதல் இறுகின நட்டிலேயே வாய் விரிந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், “பைப் போட்டு இழுத்தீங்களா?” என்று கேட்டார்கள். சித்தப்பா சொன்ன அதே கேள்வி.

மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையை மூடி, 2024-இல் ‘திரும்ப வருகிறோம்’ என்று அறிவித்து, பிறகு 3,250 கோடி ரூபாயில் 2029 முதல் எஞ்சின் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சிப்காட்டில் அந்தச் செய்தி வந்தபோது பையன்கள் எல்லாம் எத்தனை கோடி, எந்த எஞ்சின் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது வேறு. அங்கே வேலை பார்த்த, டையும் கருவியும் செய்கிற டூல் ரூம் ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

சித்தப்பா ஷெட்டில் இப்போது ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான், குடியாத்தம் பக்கம். முதல் மாசச் சம்பளத்தில் செட் வாங்க வேண்டும், போனில் அமெரிக்க பிராண்டு ஒன்று ஆஃபரில் வருகிறது, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா லாரிக்கு அடியிலிருந்தே பதில் சொன்னார். “செட்டு கிட்டு வேணாம் நைனா. நாசிக்ல அடிச்சது பன்னெண்டு-பதிமூணு ஒண்ணு, பதினாறு-பதினேழு ஒண்ணு, பத்தொன்பது ரிங்கு ஒண்ணு வாங்கு. கடைல பில் கேட்டு வாங்கு. மீதிய வேலை வரப்ப பாத்துக்கலாம்.”